கதையும் பார்க்கணும், சேர்ந்தும் ஆடணும்: எங்கள் குழுவின் ஏற்பாடு

நான்கு பேர் சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் ரோல் பிளேயிங் கேமில், கட்சீன் (நடுவில் படம் போல ஓடும் கதைக் காட்சி) ஓடும்போது யார் பார்ப்பது, யார் காத்திருப்பது என்பதை டஞ்சனுக்குள், அதாவது குழுவாகப் போய்ச் சண்டை போடும் தனி இடத்துக்குள், நுழைவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு பேச ஆரம்பித்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். எங்கள் குழுவில் வைத்திருக்கும் ஏற்பாட்டை இங்கே எழுதுகிறேன். உங்கள் கேமுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆட்கள் யார் என்று சொன்னால்தான் ஏற்பாடு புரியும். நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், குழுவில் ஹீலர், அதாவது மற்றவர்களின் உயிரைக் காக்கும் ஆள். முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் என் தம்பி, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சித்தி பொண்ணு தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். நாலாவது ஆள் தம்பியின் சிநேகிதன். காவேரிப்பட்டணம் பக்கம் அவர்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது, காய் இறங்குகிற மே, ஜூன் மாதங்களில் ஆளைப் பிடிக்கவே முடியாது. நாங்கள் ஆடுவது பெரும்பாலும் ஃபைனல் ஃபேண்டஸி 14.

நாலு பேரும் ஒன்றாகக் கிடைப்பது ஞாயிறு ராத்திரி மட்டும்தான். அந்த நேரத்தில் ஒருத்தர் அரை மணி நேரம் படம் பார்க்க, மூன்று பேர் சும்மா நின்றால் குழு நிலைக்காது. அதற்காகக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினால், இந்த மாதிரி கேமை ஆடுவதற்கே அர்த்தம் இல்லை. அதனால் எங்கள் ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு விதியைச் சுற்றித்தான் நிற்கிறது: முதல் தடவை பார்ப்பவருக்குக் கதை மேல் முழு உரிமை உண்டு. நேரம், வேகம், பரிசு எல்லாம் அதற்கு அப்புறம்.

கட்சீன் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்

எந்த கேமாக இருந்தாலும் கதைக் காட்சி மூன்று இடங்களில் வரும். குழுவாக நுழையும் வாசலுக்கு முன்னால் வருவது, உள்ளே சண்டைக்கு நடுவில் வருவது, முடித்து வெளியே வந்ததும் வருவது. முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் அவரவர் வீட்டில் அவரவர் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம், அதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. குழுவைச் சோதிப்பது உள்ளே வருவதுதான்.

இதற்கு ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் வரலாறே நல்ல உதாரணம். 2013-இல் அது புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, முதல் பெரிய கதையின் முடிவில் காஸ்ட்ரம் மெரிடியானம், ப்ரேட்டோரியம் என்று எட்டு பேர் சேர்ந்து போகும் இரண்டு டஞ்சன்கள் இருந்தன. கதையின் உச்சக்கட்டமே அங்கேதான். வில்லன் நீளமாகப் பேசுவான், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காட்சி ஓடும். பரிசுக்காகத் திரும்பத் திரும்ப வரும் பழைய ஆட்கள் எல்லாவற்றையும் ஸ்கிப் செய்துவிட்டு ஓடுவார்கள். புதிதாக வந்தவர் காட்சியைப் பார்த்து முடித்துக் கண் திறந்தால் பாஸ், அதாவது பெரிய எதிரி, செத்துக் கிடக்கும். கதையைப் பார்த்தால் சண்டை போச்சு, சண்டைக்கு ஓடினால் கதை போச்சு என்ற நிலை.

2018 ஜனவரியில் வந்த 4.2 பேட்சில் (கேமின் புதுப்பிப்பு) அந்த இரண்டு டஞ்சன்களின் கட்சீன்களையும் யாரும் ஸ்கிப் செய்ய முடியாதபடி மாற்றினார்கள். காத்திருப்பதற்கு ஈடாகப் பரிசையும் கூட்டிக் கொடுத்தார்கள். புதியவருக்கு அது நியாயம்தான். ஆனால் பழையவர்கள் ப்ரேட்டோரியத்துக்குள் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே பார்த்த படம். கடைசியில் 2022 ஏப்ரலில், 6.1 பேட்சில், இரண்டையும் நாலு பேர் போகும் டஞ்சனாகச் சுருக்கி, இறுதிச் சண்டையைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வைத்தியம். மக்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதைவிட, காட்சிக்கும் சண்டைக்கும் தனித்தனி இடம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

மற்ற கேம்களில் அமைப்பு வேறு வேறு, ஆகவே ஏற்பாடும் வேறாகத்தான் இருக்கும்.

2005-இல் வந்த முதல் கில்ட் வார்ஸில் குழுவில் இருக்கும் எல்லோரும் ஸ்கிப் பட்டனை அழுத்தினால்தான் காட்சி நகரும். ஒருத்தர் பார்க்க ஆசைப்பட்டாலும் எல்லோரும் பார்க்க வேண்டியதுதான். ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக், 2011 டிசம்பரில் வந்தது, உரையாடலையே குழு விளையாட்டாக மாற்றிவிட்டது. நாலு பேரும் ஆளுக்கொரு பதிலைத் தேர்ந்தெடுப்பார்கள். கேம் எல்லோருக்கும் ஒரு எண் போடும், பெரிய எண் யாருக்கு விழுகிறதோ அவர் பேசுவார். நீங்கள் தேர்ந்தெடுத்த பதில் திரையில் வராவிட்டாலும் உங்கள் பாத்திரத்தின் நல்லது கெட்டது கணக்கில் அது சேரும். அதனால் யார் ஜெயித்தாலும் மனசு கசக்காது. முதல் கிரகம் முடிந்ததும் வரும் எஸ்ஸலஸ், பிளாக் டாலன் என்ற இரண்டு குழு ஆட்டங்களிலும் பேச்சு நிறைய இருக்கும். அவற்றை முன்பின் தெரியாதவர்களோடு ஆடாதீர்கள், நாலு நண்பர்களோடு ஆடுங்கள். அடுத்து என்ன பதில் சொல்வது என்று வாய்ஸ் சாட்டில் வாக்குவாதம் செய்வதுதான் அங்கே ஆட்டமே.

மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டில், 2018, வேறொரு சிக்கல். கதை குவெஸ்ட்டில், அதாவது கதையை நகர்த்தும் பணியில், வரும் காட்சியை ஒவ்வொருவரும் தனியாகப் போய்ப் பார்த்த பிறகுதான் கூட்டாளிகள் உள்ளே சேர முடியும். இது தெரியாமல் நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் குழப்பம்தான். எல்லோரும் தனித்தனியாக உள்ளே போய், காட்சி முடியும் வரை பார்த்துவிட்டு, மூன்று பேர் வெளியே வந்து நாலாவது ஆளோடு சேர வேண்டும். போனில் ஜென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறவர்களுக்கு முடிவு எளிது. அட்வென்ச்சர் ரேங்க் 16-இல் நாலு பேர் வரை சேரும் கோ-ஆப் திறக்கும், ஆனால் கதை குவெஸ்ட்டை அதில் நகர்த்த முடியாது. கதை தனிக்கு, பாஸும் டொமைன் என்ற சவால் இடங்களும் கூட்டத்துக்கு என்று கேமே பிரித்துவிட்டது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஒருத்தர் கதையில் முன்னால் போய்விட்டால் மற்றவருக்கு வேறு உலகம் தெரியும், பக்கத்தில் நின்றாலும் ஆளை ஆள் பார்க்க முடியாத நிலைகூட வரும். 2019 செப்டம்பரில் வந்த பார்ட்டி சிங்க் வசதியைப் போட்டால் எல்லோரும் ஒரே கட்டத்துக்கு வருவார்கள்.

வாரத்தைப் பிரிப்பது

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மதியம் பாரதம் படிப்பார்கள், ராத்திரி அதே கதையைத் தெருக்கூத்தாக ஆடுவார்கள். மதியம் உட்கார்ந்து கேட்டவருக்கு ராத்திரி எந்த வேஷம் எதற்கு வருகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி நாள் துரியோதனன் படுகளத்துக்கு ஊரே திரண்டு வரும். எங்கள் வாரமும் அதே போலத்தான். திங்கள் முதல் சனி வரை கதையை அவரவர் தனியாகப் பார்க்க வேண்டும், ஞாயிறு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும்.

ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு இது அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அதில் முக்கியக் கதை பெரும்பாலும் தனியாள் குவெஸ்ட்தான். நடுநடுவே டஞ்சனோ ட்ரையலோ (ஒரு பெரிய பாஸோடு மட்டும் மோதும் சண்டை) வந்து வாசலை அடைக்கும். ஞாயிறு முடிந்ததும் அடுத்த வாசல் எது என்று நான் பார்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். செய்தி இப்படி இருக்கும்: "அடுத்த ஞாயிறு ஸ்டோன் விஜில். அது திறக்கிற குவெஸ்ட் வரைக்கும் வாங்க, அதுக்கு மேல போக வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் ஒரு மாம்பழம் போடுங்க." நாலு மாம்பழம் விழுந்தால் ஞாயிறு ஆட்டம் உறுதி. சனிக்கிழமை மதியம் வரை ஒருத்தர் போடவில்லை என்றால், "எங்க நிக்கிற?" என்று போன் பண்ணிக் கேட்பேன். திட்டுவதற்கு இல்லை. தம்பி நைட் ஷிப்டில் மாட்டியிருந்தால் அந்த ஞாயிறு கதையைத் தொடாமல் வேறு ஏதாவது ஆடுவோம்.

"அதுக்கு மேல போக வேண்டாம்" என்பது முக்கியமான வரி. பின்தங்குகிறவரைவிட முந்திப் போகிறவர்தான் குழுவின் கதையைக் கெடுப்பார். முந்திப் போனவருக்கு டஞ்சன் உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்த கதையாகிவிடும், காத்திருக்கப் பொறுமை இருக்காது. கை துறுதுறுவென்று இருந்தால் வேறு ஜாப்பை (பாத்திரத்தின் தொழிலை) லெவல் ஏற்றட்டும், மீன் பிடிக்கட்டும், சமைக்கட்டும். அந்த கேமில் அதற்கு வேலைக்கா பஞ்சம்?

வாசிக்கும் வேகத்துக்கும் இடம் கொடுங்கள். இதைத் தமிழ் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாம் ஆடும் ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் உலகப் பதிப்பு ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில்தான் ஓடுகிறது. தமிழில் சப்டைட்டில் கிடையாது. சித்தி பொண்ணு தமிழ் மீடியத்தில் படித்தவள். யூரியான்ஜே என்ற பாத்திரம் பழங்கால ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நகர்வாள். குரல் இல்லாத காட்சிகளில் நாம் அழுத்தினால்தான் அடுத்த வரி வரும் என்பதால் நிதானமாகப் படிக்கலாம். குரல் உள்ள காட்சிகளில் வரி தானாக ஓடிவிடும். அந்த மாதிரி பெரிய காட்சி வந்த ராத்திரி அவள் என்னைக் கூப்பிடுவாள், நான் ஏற்கெனவே பார்த்த வரைக்கும் தமிழில் சொல்வேன். ஒரு மணி நேரக் கதையை ஒருத்தர் முப்பது நிமிஷத்தில் முடிக்கிறார், இன்னொருத்தர் முழுசாக எடுத்துக்கொள்கிறார் என்றால், ஏற்பாடு அந்த இரண்டாவது ஆளின் வேகத்துக்குத்தான் போட வேண்டும்.

உள்ளே போன பிறகு

டேங்க் கையில்தான் எல்லாம் இருக்கிறது. டேங்க் நகர்ந்தால் குழு நகரும். எங்கள் தம்பிக்கு நான் சொல்லி வைத்திருப்பது: பார்ட்டி பட்டியலில் யார் பெயருக்குப் பக்கத்திலாவது கட்சீன் அடையாளம் தெரிந்தால் கால் நகரக்கூடாது. பாஸ் நிற்கும் களத்தின் எல்லைக்கோட்டை மிதிக்கவே கூடாது. அங்கே ஒருத்தர் கை வைத்துவிட்டால் 15 விநாடியில் களம் மூடிக்கொள்ளும். படத்தில் இருப்பவருக்கு 15 விநாடி எந்த மூலைக்குக் காணும்?

வாய்ஸ் சாட்டில் பேச்சு இவ்வளவுதான்:

"அக்கா, நான் படத்துல இருக்கேன்."

"பாரு பாரு. நாங்க நிக்கிறோம்."

அதற்கு அப்புறம் மற்ற மூன்று பேரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். இதை நான் ரொம்பக் கறாராகப் பார்ப்பேன். ஒருத்தர் காதில் பாத்திரம் உயிர் விடுகிற வசனம் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தர் பரோட்டா ஆர்டர் பண்ணுவதைப் பற்றிப் பேசக்கூடாது. காத்திருக்கிற நேரத்தில் செய்வதற்கு வேலை இருக்கிறது: உடைந்த கவசத்தைச் சரி செய்யலாம், சாப்பிட்டு பலம் ஏற்றும் பஃப் போடலாம், ஸ்கில் பட்டியைச் சரிபார்க்கலாம். படம் பார்த்து முடித்தவர் "வந்துட்டேன்" என்று சொன்னதும் உடனே ஓடாதீர்கள். ஒரு காட்சி மனசைத் தொட்டிருந்தால் அதைப் பற்றி ரெண்டு வார்த்தை பேச அவருக்கு இடம் விடுங்கள். நாங்கள் சேர்ந்து ஆடுவதே அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான்.

முன்பே முடித்தவர் குழுவில் இருந்தால் பாஸ் என்ன செய்யும் என்பதைச் சொல்லலாம், பாஸ் யார் என்பதைச் சொல்லக்கூடாது. "சிவப்பு வட்டம் வந்தா வெளியே ஓடு" என்பது உதவி. "இவன் அப்புறம் நம்ம பக்கம் வந்துடுவான்" என்பது துரோகம்.

லெவல் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு உள்ளே போகும் அன்சிங்க் வழியை முதல் தடவை பயன்படுத்தவே வேண்டாம். பெரிய லெவல் ஆள் இரண்டு அடி அடித்தால் பாஸ் விழுந்துவிடும். சண்டைக்கு நடுவில் பாஸ் பேச வேண்டிய வசனம், இசை மாறுகிற இடம், எல்லாம் அதோடு போய்விடும். கட்சீன் மட்டும்தான் கதை என்று நினைக்காதீர்கள். பல கேம்களில் பாதிக் கதை சண்டைக்குள்தான் சொல்லப்படுகிறது.

கரண்ட் போனாலோ நெட் அறுந்தாலோ, எங்கள் ஊரில் மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே போகும், காட்சி பாதியில் நின்றுவிடும். பதற வேண்டாம். கேமுக்குள் வரும் விடுதி அறையில் இருக்கும் அன்எண்டிங் ஜர்னி புத்தகத்தைத் திறந்தால் பார்த்த காட்சிகளைத் திரும்ப ஓட்டலாம். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அறுந்து போவது எப்போதும் ரவுட்டர்தான்.

தெரியாதவர்களோடு போக வேண்டி வந்தால்

எட்டு பேர் வேண்டிய ட்ரையலுக்கு எங்கள் நாலு பேர் போதாது, வெளியாட்கள் வருவார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வரியாக, முதல் தடவை வருகிறோம், காட்சி பார்ப்போம் என்று சாட்டில் எழுதிவிடுங்கள். அதை மேக்ரோவாகச் சேமித்து வைத்தால் ஒரு பட்டனில் போய்விடும். ஜப்பான் சர்வரில் ஆடினால் கேமுக்குள்ளேயே இருக்கும் தானியங்கி மொழிபெயர்ப்பு அகராதியிலிருந்து சொற்களை எடுத்துப் போடுங்கள், அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தெரியும். கேட்டுக்கொண்டால் பெரும்பாலான ஆட்கள் நிற்பார்கள். குழுவில் யாராவது முதல் தடவை வந்திருந்தால் முடிவில் எல்லோருக்கும் கூடுதல் பரிசு உண்டு என்று கேமே நுழைவில் அறிவிக்கும், ஆகவே உங்களால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. தயக்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

அப்படியும் யாராவது ஓடினால் சண்டை போடாதீர்கள். காட்சியை முழுசாகப் பாருங்கள், பாஸைத் திரும்ப வந்து அடித்துக்கொள்ளலாம்.

கேம் ஆட்களோடு முதலில், நம் ஆட்களோடு அப்புறம்

வாரக்கணக்கில் ஆள் சேரவில்லை என்றால், மாங்காய் சீசனில் எங்களுக்கு அப்படித்தான், கேமின் சொந்தப் பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் 2019-இல் ட்ரஸ்ட் என்ற பெயரில் வந்தது இது. 2022-இல் டியூட்டி சப்போர்ட் வந்த பிறகு ஆரம்ப டஞ்சன்களுக்கும் கிடைக்கிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஃபாலோயர் டஞ்சன் என்று 2024 ஜனவரியில் கொண்டு வந்தார்கள். இந்தத் துணை ஆட்கள் அவசரப்படுத்த மாட்டார்கள், நீங்கள் நின்றால் நிற்பார்கள்.

சாதாரண டஞ்சனுக்கு இது ரொம்ப நல்ல வழி. ஆனால் ஒரு எக்ஸ்பான்ஷனின், அதாவது கேமின் பெரிய புதிய பாகத்தின், கடைசி ட்ரையல் மாதிரி பெரிய இடங்களை இதற்காக விட்டுவிடாதீர்கள். அதற்கு மாங்காய் இறங்கி முடியும் வரை நாங்கள் காத்திருப்போம்.

காசு கொடுத்தால் கதையைத் தாண்டவிடும் பொருளும் கடையில் விற்கிறார்கள். தம்பியோடு வேலை செய்கிற பையன் ஒருத்தன் எங்களை எட்டிப் பிடிக்க அதை வாங்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். வாசல் திறக்கும், ஆனால் எங்களோடு நிற்கும்போது அவனுக்கு யார் இறந்தால் என்ன, யார் திரும்பி வந்தால் என்ன? அதற்குப் பதிலாக எங்களில் ஒருவர் பின்னால் போகலாம். 2019 அக்டோபரில் வந்த நியூ கேம் பிளஸ் வசதியில் முடித்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து ஆட முடியும். சித்தி பொண்ணு அதை எடுத்துக்கொண்டு இப்போது அவனோடு முதல் கதையிலிருந்து வருகிறாள். வெளியே வரும் காட்சிகளை அவனும் அவளும் ஒரே ராத்திரி அவரவர் திரையில் ஓட்டுகிறார்கள், டஞ்சனுக்கு எங்களில் இரண்டு பேர் லெவல் சிங்கில், அதாவது எங்கள் லெவலை டஞ்சனுக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டு, போய்ச் சேருகிறோம். புதிய ஆள் வந்தால் நீங்களும் இப்படி ஒருவரை அவரோடு அனுப்புங்கள், கதை தெரிந்தும் வாயைத் திறக்காதவராகப் பார்த்து.